பத்திரிகையில் நீ இழுத்த சிவப்புக் கோடு

தனசேகரா,

நலமா என்று கேட்கப் போவதில்லை. கல்யாணப் பத்திரிகையின் மாதிரியை வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய ஐந்தாவது நிமிடம், உன் பெயருக்குக் கீழே இருந்த ஒரே ஒரு வரியின் மேல் சிவப்புக் கோடு இழுத்துத் திருப்பி அனுப்பினாயே, அந்த வேகத்திலேயே நீ நலமாக இருப்பது தெரிந்துவிட்டது. நான் போடச் சொன்ன வரி 'முன்னாள் கால்பந்து வீரர்'. நீ அதை அடித்துவிட்டு, "இது வேணாம்மா. தனியார் நிறுவனம்னு போடு, போதும்" என்று எழுதியிருக்கிறாய். ஏன் என்று கேட்கப் போன் செய்தால், "அப்புறம் பேசலாம்மா, லோடு வந்துருக்கு" என்று வைத்துவிடுகிறாய். ஸ்ரீபெரும்புதூரில் உன் கிடங்குக்கு வருகிற லாரியெல்லாம் நான் போன் செய்யும் நேரம் பார்த்துத்தான் வருமா? அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். போனை வைத்துவிடுவது போலக் கடிதத்தை வைத்துவிட முடியாது. கோபத்தில் வைத்தாலும் டீ குடித்துவிட்டு வந்து மறுபடி எடுப்பாய், உன்னை எனக்குத் தெரியும்.

பிரஸ்காரர் வேறு நச்சரிக்கிறார். "இன்னாம்மா இது, பையன் வேணான்றாரு, நீங்க வேணும்ன்றீங்க. எனக்கு வெள்ளிக்கெழம பிரிண்ட் போட்டாவணும். ரெண்டு பேரும் பேசிட்டு ஜல்தி சொல்லுங்க" என்றார். பேசிவிட்டுச் சொல்லவாம். உன்னோடு பேசி முடிவுக்கு வருவதற்குள் உனக்கு அறுபதாம் கல்யாணமே வந்துவிடும். உன் அப்பாவிடம் சொன்னால், தறியில் உட்கார்ந்தபடியே, "அவன் கல்யாணம், அவன் பேரு, அவன் இஷ்டம்மே" என்கிறார். இந்த வீட்டில் ஆண்களுக்கு வாய்த்திருக்கும் பொறுமையைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு வரிக்கு இத்தனை ரகளையா என்று நீ நினைப்பாய். பள்ளிக்கூடம் முடித்த நாளிலிருந்து முழங்கால் போகிற வரை நீ செய்தது அந்த ஒரு வேலைதான். சென்னையில் ஓர் அலுவலகத்தின் அணி, அப்புறம் கோவாவில் ஒரு கிளப், அதன் பிறகு கேரளத்தில் ஒரு கிளப். சம்பளம் வாங்கிக்கொண்டு பந்து ஆடினாய். இந்த ஆரணியில் பட்டு நெய்கிறவன், பட்டு விற்கிறவன், பட்டுக்குச் சாயம் போடுகிறவன் தெருவுக்குத் தெரு இருக்கிறான். பந்து ஆடிச் சம்பளம் வாங்கியவன் என்று இன்னொருவனைக் காட்டு பார்ப்போம். பெரிய ஆட்டக்காரன் ஆகவில்லை, அது எனக்கும் தெரியும். பேப்பரில் உன் படம் வந்ததில்லை. உன் பெயரைச் சொன்னால் கோவாவிலேயே பத்துப் பேருக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. அதற்காக ஆடவே இல்லை என்று ஆகிவிடுமா?

உன் இடது காலிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் என் முதல் தப்பு அங்கேதான். நடக்கத் தொடங்கிய நாள் முதல் உனக்கு எல்லாம் இடது கால்தான். செருப்பு மாட்டுவது, படி ஏறுவது, கதவை உதைப்பது எல்லாம் அந்தக் கால். சொந்தக்காரர் வீட்டு கிரகப்பிரவேசத்தில் எல்லோரும் வலது காலை எடுத்து வைத்து நுழையக் காத்து நிற்கும்போது, நடுவில் புகுந்து இடது காலை வைத்து உள்ளே ஓடினாய். அத்தனை பேர் முன்னால் என் மானம் போனது. நம் வீட்டில் இரண்டாவது தறி போட்டுப் பூஜை செய்த அன்றும் அதே கதை. அன்றைக்கு அளவு போட வைத்திருந்த மரக்கோலால் உன் இடது கெண்டைக்காலில் சுளீரென்று வைத்தேன். பிறகு பல நாள் வாசலில் நின்றுகொண்டு, "வலது கால், வலது கால்" என்று சொல்லிச் சொல்லி உன்னை உள்ளே வெளியே நடக்க வைத்தேன். நீ அழுதுகொண்டே வலது காலை வைப்பாய், நான் திரும்பியதும் இடது காலால் தூணை ஓர் உதை விடுவாய்.

பிறகு பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார் வீடு தேடி வந்து, "அம்மா, உங்க பையனோட லெஃப்ட் கால் தங்கம்மா, அந்த மாரி கெடைக்கிறது அபூர்வம்" என்றார். "அந்தக் காலுக்குத்தான் சார் நான் சூடு போடலாம்னு இருந்தேன்" என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அடித்த கால் உனக்குச் சோறு போடப் போகிறது என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

நீ ஆடிய இடமோ அதைவிட பேஜார். மைதானத்தின் இடது ஓரத்தில், பின்னால் நின்று, எதிராளியைக் கோல் போட விடாமல் தடுக்கிற வேலை. லெஃப்ட் பேக் என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். தெருவில் தலை காட்ட முடியாது. "உம் புள்ள எத்தினி கோல் போட்டான்?" என்பார்கள். "அவன் வேல கோல் போடுறது இல்ல, போட விடாம பாத்துக்கிறது" என்பேன். "அதுக்கா மாசாமாசம் சம்பளம் தர்றாங்க?" என்று அடுத்த கேள்வி வரும். இத்தனை வருடத்தில் இந்தப் பேச்சை எத்தனை பேரிடம் பேசியிருப்பேன் என்று கணக்கே இல்லை. சாயக்காரர் வீட்டு அம்மாவிடம் மட்டும் நாலு தடவை. நீயாவது இரண்டு கோல் போட்டு என் வாயைக் காப்பாற்றியிருக்கலாம். அதுவும் செய்யவில்லை. போன் செய்து ஆட்டம் எப்படி என்று கேட்டால், "பரவால்லம்மா" என்பாய். ஆடினாயா, உட்கார வைத்துவிட்டார்களா என்று கேட்டால் அதற்கும் "பரவால்லம்மா"தான்.

இப்போது நான் சொல்லப்போவது உனக்குத் தெரியாத விஷயம். ஊருக்கே தெரியாது, போன ஞாயிறு வரை எனக்கும் உன் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும். நிறுத்தி நிதானமாகப் படி.

நீ ஆடி நாங்கள் நேரில் பார்த்தது ஒரே ஒரு ஆட்டம், பெங்களூரில். நீ கேரளத்து கிளப்பில் இருந்தபோது. காட்பாடி போய் ரயில் பிடித்து வருகிறோம் என்றோம். "நான் எந்தப் பக்கம்னு எப்டிமா கண்டுபிடிப்ப?" என்று நீ கேட்டாய். "உன் சட்ட இன்னா கலரு, அத சொல்லு போதும்" என்றேன். "அரக்கும்மா, மூணாம் நம்பர்" என்றாய். அவ்வளவுதான், அதற்கு மேல் எங்களுக்கு என்ன வேண்டும்? பிறந்ததிலிருந்து நிறத்தோடு பிழைப்பு நடத்துகிறவர்கள். தெரு முனையில் ஒரு புடவை போனால் இது எந்த அரக்கு, யார் போட்ட சாயம் என்று இங்கிருந்தே சொல்லுவோம். நான் அரக்குப் புடவை கட்டிக்கொண்டேன். உன் அப்பா நாமே நெய்த அரக்குக் கரை வேட்டியை எடுத்துக் கட்டினார். மைதானத்தில் எங்களைப் பார்த்தால் ஏதோ சீர் கொண்டு வந்தவர்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

ஆட்டம் தொடங்கியது. ஒரு பக்கம் அரக்குச் சட்டை, ஒரு பக்கம் வெள்ளைச் சட்டை. அரக்குச் சட்டையில் மூணாம் நம்பர் போட்டு ஒருவன் எங்களுக்கு எதிர் ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தான். அவ்வளவு தூரத்தில் முகமா தெரியும்? அவன் பந்தைத் தொட்டபோதெல்லாம் நான் எழுந்து நின்று கத்தினேன். "தனா! விடாத! ஓடு!" என்று தொண்டை கிழிந்தது. உன் அப்பா நடுவில், "இவன் நம்ம பையன் மாரி ஓடலையேமே" என்றார். "அங்க போயி சாப்பாடு மாறி ஒடம்பு வச்சிகினு கீறான், சும்மா இருங்க" என்று அடக்கினேன். கொஞ்ச நேரத்தில் அரக்குக்காரன் ஒருவன் பந்தைக் கொண்டுபோய் கோலை நோக்கி அடித்தான். கோல்காரன் விழுந்துவிட்டான். பந்து உள்ளே போயே போய்விட்டது என்று நான் இரண்டு கையையும் தூக்கினேன். எங்கிருந்தோ ஒரு வெள்ளைச் சட்டைக்காரன் ஓடிவந்து, கோட்டின் மேலேயே காலை நீட்டி அதை வெளியே தள்ளிவிட்டான். "ஐயோ, பாவி! கெடுத்துட்டானே! நல்லா இருப்பானா இவன்!" என்று நான் தலையில் அடித்துக்கொண்டு அலறினேன். சுற்றி இருந்த கன்னடக்காரர்களெல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

இடைவேளை முடிந்து எல்லோரும் மறுபடி மைதானத்துக்குள் இறங்கினார்கள், இந்த முறை எங்கள் பக்கத்து ஓரமாக. எல்லோரும் தரையைத் தொட்டுக் கும்பிட்டு வலது காலை வைத்து உள்ளே போனார்கள். வெள்ளைச் சட்டையில் ஒருவன் மட்டும் குனிந்து கும்பிட்டுவிட்டு இடது காலை எடுத்து வைத்தான். உன் அப்பா என் கையைப் பிடித்தார். "ஏமே, அங்க பாரு. இடது கால வக்கிறான் பாரு. அதான்மே நம்ம பையன்" என்றார். பக்கத்தில் இருந்த தமிழ்க்காரர் ஒருவர்தான் விளக்கினார். இரண்டு அணியின் சட்டையும் ஒரே சாயலில் இருந்தால் வெளியூர் அணி வேறு சட்டை போட்டுக்கொள்ளுமாம். உனக்கு அதை முதல் நாள் சொல்லத் தெரியவில்லை, பெரிய ஆட்டக்காரன்!

முதல் பாதி முழுக்க எவனோ பெற்ற பிள்ளையை என் பிள்ளை என்று கத்தியிருக்கிறேன். நான் பெற்றவன் தன் வாழ்க்கையிலேயே நல்லதாக ஒன்றைச் செய்தபோது, நல்லா இருப்பானா என்று சபித்திருக்கிறேன். இரண்டாம் பாதியில் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், வெளியே அழைத்துப் போய்விட்டார்கள். உன்னை நீ என்று தெரிந்து நான் பார்த்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். ஆட்டம் முடிந்து காலில் பனிக்கட்டியைக் கட்டிக்கொண்டு நொண்டி நொண்டி வந்து, "பாத்தியாம்மா, லைன் மேலருந்து எடுத்தேனே?" என்று கேட்டாய். உன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. "பாத்தேன்டா" என்றேன். பார்த்தது நிஜம்தானே என்று ரயில் முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து வீட்டு விசேஷம் எதற்கும் உன் அப்பா அரக்கு எடுக்க விடுவதில்லை, கவனித்திருக்கிறாயா?

அந்த முழங்கால் பிறகு சரியாகவே இல்லை. அறுவை சிகிச்சை செய்தார்கள், கிளப்பில் அடுத்த ஒப்பந்தப் பேச்சு நின்றது, நீ ஒரு பையோடு ஊருக்கு வந்தாய். என் இரண்டாவது தப்பு அப்போது நடந்தது. இது உனக்கு நன்றாகவே தெரியும், இருந்தாலும் நான் வாயால் சொன்னதில்லை. பெரணமல்லூர் பக்கத்திலிருந்து முதல் வரன் பேச வந்தார்கள். நீ முழங்கால் கட்டு தெரியாமல் நீளக் கால்சட்டைக்குள் மறைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். "பையன் இன்னா பண்றாரு?" என்று பெண்ணின் அப்பா கேட்டார். பந்து ஆடுகிறான் என்று சொன்னால், எத்தினி கோல் என்பார்களோ, அதுக்கா சம்பளம் என்பார்களோ என்று எனக்குள் ஒரு கூச்சம். "தனியார் நிறுவனத்துல இருந்தான்ங்க, இப்ப மாத்தலாகி வந்துட்டான்" என்றேன். கால் ஏன் நீட்டியிருக்கிறது என்றார். "வண்டில விழுந்துட்டான்ங்க" என்றேன். நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். பிறகு காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர்களைப் பார்த்து, "ஆமாங்க, வண்டில விழுந்துட்டேன்" என்றாய். அந்த வரனும் ஜாதகம் பொருந்தவில்லை என்று போய்விட்டது. பொய் சொன்னதற்குப் பலனாவது கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை.

தரகரிடம் கொடுக்க ஒரு தாளில் உன் விவரம் எழுதினேன். 'தொழில்: தனியார் நிறுவனம்'. அதே தாளின் நகல்தான் பிறகு எல்லா வீட்டுக்கும் போனது, கடைசியில் களம்பூரில் நீ கட்டப்போகிற பவித்ரா வீட்டுக்கும் அதுதான் போனது. நேற்று நீ வாட்ஸ்ஆப்பில் எழுதிய இரண்டு வார்த்தையைப் படித்ததும் அந்தத் தாளைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அது உன் வார்த்தை இல்லை, என்னுடையது. நான் வெட்கப்பட்டதைப் பார்த்து நீயும் வெட்கப்படக் கற்றுக்கொண்டாய். அன்றிலிருந்து டிவியில் பந்து ஆட்டம் வந்தால் சேனலை மாற்றுகிறாய், பழைய சட்டைகளை மூட்டை கட்டிப் பரணில் போட்டாய், யாராவது கேட்டால், "சும்மா ஆடுவேன்" என்கிறாய். சும்மா ஆடினவனுக்கு எவனாவது முழங்காலில் கத்தி வைப்பானா?

பத்திரிகையில் திடீரென்று ஏன் இந்த வரி என்று நினைத்திருப்பாய், அதற்கு இப்போது பதில். போன ஞாயிற்றுக்கிழமை பவித்ரா போன் செய்தாள். புடவை நிறம் பேசத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். அரக்குதான் வேண்டுமாம், உன் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, "அத்தை, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே?" என்றாள். நிச்சயதார்த்தம் முடிந்ததும் உன் பெயரைப் போட்டுப் போனில் தேடியிருக்கிறாள். மருந்துக்கடையில் நாளெல்லாம் டாக்டர்களின் கையெழுத்தைப் படித்துப் புரிந்துகொள்கிற பெண், உன்னைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? பார்வையாளர் யாரோ செல்போனில் எடுத்துப் போட்ட ஒரு நிமிட வீடியோ. வெள்ளைச் சட்டை, மூணாம் நம்பர், கோட்டின் மேலிருந்து பந்தைத் தள்ளிவிடுகிறான். கீழே உன் பெயரும் இருக்கிறதாம். "பத்து வாட்டி பாத்துட்டேன் அத்தை. ஆனா அதுல பின்னாடி ஒரு அம்மா தமிழ்ல அவர பயங்கரமா திட்டுறாங்க. யாரோ என்னமோ, எனக்கு அவ்ளோ ஆத்திரமா வந்துச்சு" என்றாள்.

நான் என்ன செய்வேன், சொல். இன்னொரு பொய் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை. "அது நான்தாம்மா" என்றேன். பெங்களூர்க் கதை முழுவதும் சொன்னேன். அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் போன் கீழே விழுந்து, மறுபடி எடுத்துச் சிரித்தாள். சிரித்து முடித்ததும், "அவரு எங்கிட்ட சொல்லட்டும்னு ரெண்டு மாசமா காத்துகினு இருக்கேன் அத்தை. நானே கேக்க மாட்டேன். ஆனா இவ்ளோ நல்ல விஷயத்தையே மறைக்கிறவரு, நாளைக்கு கெட்டது வந்தா எங்கிட்ட சொல்வாரா? அதான் பயமா இருக்கு" என்றாள். அவள் அழவில்லை, மிரட்டவும் இல்லை. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. இந்தக் கல்யாணம் நடக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவள் உன்னை நம்பி வருவாளா, நம்பாமலே வருவாளா என்பதுதான் இப்போது உன் கையில் இருக்கிறது.

இன்னொன்றும் என்னை இரண்டு நாளாக அரிக்கிறது. அந்த வீடியோவை நீயும் பார்த்திருப்பாய். பார்த்திருந்தால் அந்தக் குரல் உனக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் இத்தனை வருடம் என்னிடம் கேட்காமல், அம்மாவே நம்மைத் திட்டினாள் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டாயா? அப்படியானால் நீ ஒரு முட்டாள், உன்னைவிடப் பெரிய முட்டாள் நான். மன்னித்துவிடு என்று எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

வெள்ளிக்கிழமைக்குள் பவித்ராவுக்குப் போன் செய். நான் சொல்லித்தான் செய்கிறாய் என்பதை மறைக்காதே, அம்மா கடிதம் போட்டுத் திட்டினாள் என்றே சொல், அவளுக்கு என் திட்டு பழக்கம்தான். கோவா, கேரளம், முழங்கால், உட்கார வைத்த நாட்கள் எல்லாவற்றையும் சொல். "பரவால்ல" என்று மட்டும் அவளிடம் சொல்லாதே. பிரஸ்காரரிடம் உன் பெயருக்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவளிடம் பேசிவிட்டேன் என்று நீ சொன்னால் 'முன்னாள் கால்பந்து வீரர்' என்று அச்சாகும். பேசாவிட்டால் அந்த இடம் வெறுமையாகவே அச்சாகும். மண்டபத்தில் யார் கேட்டாலும், "அவனையே கேளுங்க" என்று உன் பக்கம் கை காட்டுவேன். 'தனியார் நிறுவனம்' மட்டும் வராது. நான் எழுதியதை நானே எடுத்துவிட்டேன்.

கல்யாணம் முடிந்து நீங்கள் இருவரும் வீட்டுக்குள் வரும்போது, வலது கால், வலது கால் என்று ஆளுக்கு ஆள் கத்துவார்கள். பவித்ரா அவர்கள் சொல்கிறபடியே வரட்டும். நீ உன் இடது காலை வைத்து வா. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அத்தனை பேருக்கு நடுவில் உன்னை நாங்கள் கண்டுபிடித்தது அந்தக் காலை வைத்துத்தான்.

அம்மா